முயலும் ஆற்றலரியும்

பொன்மொழியின் மடியில் செத்துப்போன முதல் முயலின் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. வலையிலிருந்து பக்குவமாகத்தான் எடுத்தாள். கண்ணைத் துணியால் மூடி, சுற்றி நின்றவர்களைப் பேசாமல் இருக்கச் சொல்லிச் சைகை காட்டினாள். விரலுக்கு அடியில் அதன் இதயம் கட்டுக்கடங்காமல் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு சட்டென்று அடங்கிவிட்டது. பல வருடம் காட்டில் வேலை பார்த்த கால்நடை மருத்துவர் அவள். யானைக்கு ஊசி போட்டவள். பூனை அளவுகூடக் கனமில்லாத ஒரு பிராணி, தன் கை பட்ட பயத்திலேயே செத்துப்போனது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

வடகவரை என்ற மலைக்கிராமத்துக்கு மேலே, பழனிமலைத் தொடரின் மேற்கு ஓரத்துப் புல்வெளி அது. புல்வெளியையும் ஊரையும் மூழ்கடித்து அங்கே ஏரி ஒன்று வரப்போகிறது. கீழே சமவெளியெங்கும் விரித்துக்கிடக்கும் சூரியத் தகடுகள் பகலில் தேவைக்கு மேல் மின்சாரம் தரும். அந்த உபரியை வைத்துத் தண்ணீரை மலைமேல் ஏற்றிவைப்பார்கள். பொழுது சாய்ந்ததும் அதே தண்ணீரைக் கீழே இறக்கி ஊர்களுக்கு வெளிச்சம் கொடுப்பார்கள். திட்டத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புதிய சட்டப்படி, ஒரு நிலத்தில் தண்ணீரைத் தேக்கும் முன் அங்கே வாழ்பவை அனைத்தையும் உயிரோடு வேறிடம் சேர்த்தாக வேண்டும். விலங்குகளுக்குப் பொன்மொழி பொறுப்பு. செடிகொடிகளுக்குத் தாவரவியல்காரர் அல்போன்ஸ்.

மற்ற பிராணிகள் ஓரளவு ஒத்துழைத்தன. கடமான்களைத் தீவனம் காட்டியே அடுத்த மலைக்கு நகர்த்திவிட்டார்கள். கீரியும் மரநாயும், ஏன், தவளைகளும்கூடப் பெட்டிக்குள் பிழைத்தன. காட்டுமுயல்தான் பிடிகொடுக்கவில்லை. பிடரியில் கறுப்புத் திட்டு உள்ள சாதாரண முயல். வளை தோண்டத் தெரியாது; புல்லை அமுக்கி உடம்பளவுக்கு ஒரு பள்ளம் செய்து அதில் கிடக்கும். ஆபத்து வந்தால் ஓடும். அது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த தற்காப்பு. ஓட முடியாதபடி பிடித்துவிட்டால் ஓட்டம் முழுதும் உள்ளேயே நடந்து, தசை இற்று, இதயம் நின்றுவிடும். பிடித்த அன்று சாகாதது, திறந்துவிட்ட மறுநாள் செத்தது.

அல்போன்ஸுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. திண்டுக்கல்காரர், எதையும் சிரித்துக்கொண்டே சொல்பவர். ஓடையோரச் சகதியில் மண்டிக்கிடக்கும் ஆற்றலரிச் செடிகளைக் கொத்துக்கொத்தாகப் பிடுங்கிச் சாக்கில் திணித்து ஜீப்பில் போட்டுக்கொண்டு போவார். முட்டு முட்டாகக் கணு வீங்கிய தண்டு, நுனியில் குறுணை அரிசியைக் கோத்ததுபோல இளஞ்சிவப்புப் பூ. புது இடத்துச் சேற்றில் வீசினால் போதும். சில நாளில் ஒவ்வொரு கணுவும் வேர்விட்டு, அங்கேயே பிறந்ததுபோல நிற்கும்.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டின்போது அவர் வழக்கம்போலச் சீண்டினார். "உங்க முயலுக்கு நாலு காலு இருக்கு, எடம் மாத்துனா செத்துப்போவுது. என் செடிக்குக் காலே இல்ல, எங்க வேணா போயிருது. இது என்ன நியாயம், டாக்டர்?"

பொன்மொழி சிரிக்கவில்லை. சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. பிடுங்கியபின் அந்தச் செடிக்குள் என்னதான் நடக்கிறது என்று கேட்டாள். அல்போன்ஸ் யோசித்துவிட்டு, தெரியாது என்றார். இருபது வருடம் செடிகளோடு இருந்தவருக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை.

அன்றிலிருந்து இருவருக்கும் அதுவே வேலையாயிற்று. முயலையும் செடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். பார்த்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனால் மயிரிழைபோன்ற உணரிகளை இரண்டிலும் பொருத்திப் பார்த்தபோது, தொடக்கம் இரண்டுக்கும் ஒன்றாகவே இருந்தது. முயலைப் பிடித்ததும் உடம்பெங்கும் அபாய அறிவிப்பு ஓடியது. செடியைப் பிடுங்கியதும் தண்டு நெடுக மின் அலை ஒன்று ஓடியது. அதன் பின்னாலேயே இலைக்கு இலை எச்சரிக்கை. வித்தியாசம் அதற்குப் பிறகுதான். முயலில் அறிவிப்பு ஏறிக்கொண்டே போனது. செடியில் ஒரு கட்டத்துக்கு மேல் கணுக்களிலிருந்து ஏதோ ஒன்று ஊறி, அலறல் எல்லாம் அடங்கிப்போனது. அந்த அமைதிக்குப் பிறகே வேர் முளைத்தது.

அந்த வாரம் வைக்கோல் தீர்ந்துபோய், ஒரு முயல் பெட்டிக்குள் அல்போன்ஸின் சாக்கிலிருந்து ஆற்றலரியை அள்ளிப் பரப்பியிருந்தார்கள். மறுநாள் திறந்து பார்த்தபோது, பாதிச் செடியைத் தின்றுவிட்டு அந்தப் பெட்டை முயல் அமைதியாகக் காதைச் சொறிந்துகொண்டிருந்தது. புல்வெளியில் தினமும் அதே செடியைத் தின்ற முயல்கள்தான் செத்திருந்தன. நிற்கும் செடியில் அந்தச் சாறு இல்லை. பிடுங்கிய செடியில்தான் ஊறுகிறது என்பது விளங்க வெகுநேரம் ஆகவில்லை. பிரித்தெடுத்த சாற்றுக்கு அல்போன்ஸ் கணுச்சாறு என்று பெயர் வைத்தார். ஒரு முறை கொடுத்தாலே போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு ஒரு முயல்கூடச் சாகவில்லை. எல்லாவற்றையும் தெற்கே வேலியடைத்த புல்வெளியில் கொண்டுபோய் விட்டார்கள். பெருகும்வரை வேலி இருக்க வேண்டும் என்பது விதி.

முயல்களுக்கு அடுத்தது மனிதர்கள்.

மறுகுடியமர்வு அதிகாரி சீராளன் ஒரு காலைப்பொழுதில் அவளுடைய கூடாரத்துக்கு வந்தார். அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். வடகவரை ஜனங்களுக்கு மலையின் கீழ்ச்சரிவில் நல்ல வீடுகள் கட்டியாயிற்று, பள்ளிக்கூடம் வந்தாயிற்று, வயலும் தரப்போகிறார்கள். ஆனாலும் இதுமாதிரி இறக்கிய ஊர்களிலெல்லாம் வயதானவர்கள் முதல் வருடத்திலேயே காரணமில்லாமல் போய்ச்சேருகிறார்கள் என்றார். பிறகு தன் கதையைச் சொன்னார்.

"அணைக்காக எங்களைக் காலி பண்ணினப்ப நான் சின்னப் பையன். எங்கப்பாவுக்கு ஒரு நோயும் இல்லை, மேடம். புது வீட்டு வாசல்ல உக்காந்தவர்தான். அடுத்த பொங்கலுக்கு அவர் இல்லை. உங்க முயலுக்குக் கிடைச்ச மருந்து அவருக்குக் கிடைச்சிருக்கக் கூடாதா?"

பொன்மொழி தனக்குள் கேட்டுக்கொண்டாள்: தன்னால் தடுக்க முடிகிற சாவைத் தடுக்காமல் இருப்பதற்கு என்ன காரணம் சொல்வது? ஏரி வேலை நீண்டுகொண்டிருந்தது, அவகாசம் இருந்தது. மனிதர்களிடம் சோதனைகள் முறைப்படி நடந்தன. இதயம், ஈரல், தூக்கம், ஞாபகம் எல்லாவற்றையும் பார்த்தார்கள். யாருக்கும் ஒரு கோளாறும் இல்லை. யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளைப் பொன்மொழி போட்டாள். சீராளன் இரண்டையும் உடனே ஒப்புக்கொண்டார்.

ஊரே வாங்கிக்கொண்டது. மறுத்தவள் ஒருத்திதான். வெள்ளத்தாய் என்று பெயர், பூண்டு விவசாயம் செய்பவள், ஐம்பதை நெருங்கியவள். சுடுகாட்டுப் பக்கம் கையைக் காட்டிச் சொன்னாள்: "எம்மகளைப் பொதைச்ச எடத்துல தண்ணி நிக்கப்போவுது. அது எனக்கு வலிக்கலைன்னா அப்புறம் நான் யாரு, டாக்டரம்மா?" பொன்மொழி வற்புறுத்தவில்லை.

கீழே நடந்ததைப் பார்க்கப் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். அப்படி ஒரு குடியேற்றத்தை யாரும் கண்டதில்லை. இறங்கிய அன்றே ஜனங்கள் கொடி கட்டித் துணி காயப்போட்டார்கள். மறுவாரம் வாசல்தோறும் அவரைப்பந்தல். மலையைத் திரும்பிப் பார்த்து ஒருவரும் பெருமூச்சு விடவில்லை. வருடம் திரும்பியபோது கிழவர்கள் அத்தனை பேரும் உயிரோடு இருந்தார்கள். மேலே ஏரி நிரம்பியது. பொன்மொழிக்குப் பாராட்டுக் கூட்டம் நடந்தது.

வெள்ளத்தாய் மட்டும் இளைத்துப்போனாள். ராத்திரி தூக்கம் இல்லை என்றாள், பகலில் காரணமில்லாமல் சரிவில் ஏறி இறங்கினாள், வாரந்தோறும் சீராளன் அலுவலகத்துக்குப் போய் ஏதாவது புகார் சொன்னாள். தரை சில்லென்று இருக்கிறது, சுவர் ஓரம் ஊறுகிறது, கிணற்றுத் தண்ணீர் கலங்குகிறது. பாவம், அவள்தான் இன்னும் ஒட்டவில்லை என்று அக்கம்பக்கத்தார் இரக்கத்தோடு சொன்னார்கள். பொன்மொழியும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு அதையேதான் நினைத்தாள். இப்போதாவது மருந்து எடுத்துக்கொள்ளலாமே என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். வெள்ளத்தாய் அவள் கையைப் பிடித்துச் சுவரில் வைத்துக் காட்டினாள். ஈரமாகத்தான் இருந்தது. மழைக்காலமாயிற்றே என்று தோன்றியது.

இரண்டாவது மழைக்காலத்தில் தெற்குப் புல்வெளியின் வேலியை எடுத்தார்கள். முயல்கள் நன்றாகப் பெருகியிருந்தன. சில நாட்கள் கழித்து அல்போன்ஸ் போன் செய்து, நேரில் வரச் சொன்னார். குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை.

கூடாரத்துக்குள் கேமராப் படத்தை ஓடவிட்டார். பட்டப்பகல். புல்வெளியில் முயல்கள் மேய்கின்றன. மேட்டிலிருந்து செந்நாய்கள் இறங்குகின்றன. சின்ன முயல்கள் சிதறிப் பறந்தன. பெரியவை தலையைத் தூக்கிப் பார்த்தன. காதைத் திருப்பின. பிறகு மேயத் தொடங்கின. செந்நாய்கள் ஓடக்கூட வேண்டியிருக்கவில்லை. நடந்துவந்து எடுத்துக்கொண்டன.

"பாத்தீங்களா?" என்றார் அல்போன்ஸ். "நாம கொண்டாந்து விட்டது அத்தனையும் போச்சு. இங்க பொறந்ததுதான் ஓடுச்சு. அதுக்கு நாம மருந்து குடுக்கலை."

"பயமே இல்லையா அதுங்களுக்கு?"

"பாக்குது, கேக்குது, எல்லாம் தெரியுது. ஆனா எந்திரிக்கணும்னு தோணலை. யோசிச்சுப் பாருங்க டாக்டர், செடி எதுக்கு அந்தச் சாறை ஊறவைக்குது? இனிமே இதான் என் எடம், கத்தி ஒண்ணும் ஆவப்போறதில்லைன்னு முடிவு பண்ணத்தான். அந்த முடிவு இல்லாம வேர் விடாது. செடிக்கு அது சரி. செடியால ஓட முடியாதே. நாம அந்த முடிவைத் தூக்கி முயலுக்குள்ள வச்சுட்டோம்."

வேலிக்குள் செந்நாய் வந்ததில்லை, அதனால் தெரியவில்லை. மனிதர்களின் சோதனையிலும் யாரையும் பயமுறுத்திப் பார்க்கவில்லை. மனிதர்களைப் பயமுறுத்த எந்தக் குழுவும் அனுமதி தராது. பொன்மொழிக்கு ஈரச் சுவரில் வைத்த தன் உள்ளங்கை நினைவுக்கு வந்தது. அது மழை ஈரமில்லை, மேலே ஏரியின் கசிவு என்று இப்போதுதான் உறைத்தது. அல்போன்ஸிடம் ஜீப்பை எடுக்கச் சொன்னாள்.

குடியிருப்பை அடைந்தபோது மழை ஊற்றிக்கொண்டிருந்தது. பொன்மொழி முதலில் நுழைந்த வீட்டில் சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்து, பிளவு வழியாகச் சேற்றுத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரி அதற்கு அடியில் ஒரு அண்டாவை வைத்திருந்தாள். அண்டா நிரம்பியதும் வெளியே ஊற்றிவிட்டு வந்து, குழம்புக்கு வெங்காயம் உரித்தாள். அவளுடைய குழந்தை அழுதுகொண்டு மடியில் ஒண்டியிருந்தது. தரைக்கு அடியிலிருந்து வண்டி உருள்வதுபோல ஒரு சத்தம் வந்தது. குழந்தை வீறிட்டது. தாய் அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

பொன்மொழி நிலைமையைச் சொன்னாள். மேலே ஏரித் தண்ணீர் சரிவுக்குள் இறங்கியிருக்கிறது, மலை நகரப்போகிறது, இப்போதே வெளியேற வேண்டும். அந்தப் பெண் கவனமாகக் கேட்டாள்.

"போயிரலாம், டாக்டரம்மா. மழை கொஞ்சம் விடட்டும்" என்றாள்.

அடுத்த வீட்டிலும் அதே பதில். அதற்கடுத்த வீட்டில் உட்காரச் சொன்னார்கள். யாரும் மறுக்கவில்லை, யாரும் சந்தேகப்படவில்லை, யாரும் எழுந்திருக்கவும் இல்லை. தெருவில் நின்று கத்திப் பார்த்தாள். சன்னல்களிலிருந்து முகங்கள் பரிவோடு பார்த்தன. எந்தக் காட்டு மிருகத்திடமும் அப்படி அஞ்சாதவள், அந்த முகங்களைக் கண்டு நடுங்கிப்போனாள்.

தெருக்கோடியிலிருந்து வெள்ளத்தாய் வந்தாள். ஒரு கையில் ஒரு கிழவரையும் இன்னொரு கையில் அவர் மனைவியையும் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். மூவரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள்.

"சொன்னாக் கேக்க மாட்டாங்க, டாக்டரம்மா. காலையிலிருந்து நானும் சொல்லிப் பாத்துட்டேன். கையப் புடிச்சுக் கூட்டிட்டு வாங்க. வருவாங்க. எங்க உக்கார வெக்கிறோமோ அங்க உக்காந்துக்குவாங்க."

அது உண்மையாக இருந்தது. பொன்மொழி உள்ளே போய் வெங்காயம் உரித்தவளின் கையைப் பிடித்துத் தூக்கினாள். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடவே நடந்தாள். எதிர்மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்து வராந்தாவில் விட்டதும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அல்போன்ஸ் முடியாதவர்களை ஜீப்பில் ஏற்றிப்போய் இறக்கினார். வெள்ளத்தாய் வீடு வீடாக நுழைந்தாள். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யாருக்கு முழங்கால் வலி, யார் குளித்துக்கொண்டிருப்பார்கள் எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. தூக்கம் இல்லாமல் இத்தனை நாள் அந்தத் தெருவையே சுற்றி வந்தவள்.

கடைசி வீட்டிலிருந்து ஆள் வந்த சற்று நேரத்தில் சரிவு இறங்கியது. மரங்கள் நின்ற நிலையிலேயே நகர்ந்து வந்தன. வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து மண்ணுக்குள் போயின. வராந்தாவில் குழந்தைகள் அலறின. பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர், தன் வீட்டுக் கூரைத் தகடு நன்றாகத்தான் தாங்குகிறது என்றார். வெள்ளத்தாய் தூணைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அந்த வீடுகளை அவள் ஒருநாளும் விரும்பியதில்லை.

மழை விட்ட மறுநாள் வகுப்பறைகளுக்குக் குறுக்கே கொடி கட்டித் துணி காயப்போட்டுவிட்டார்கள்.

சீராளன் அன்று மத்தியானம் வந்தார். எல்லோருடைய பெயரையும் சொல்லி நலம் விசாரித்தார், போர்வையும் அரிசியும் இறக்கினார். பிறகு தலைமையாசிரியர் அறையில் பொன்மொழியும் வெள்ளத்தாயும் இருக்கும்போது வந்து உட்கார்ந்தார். பொன்மொழி அவருக்காகவே காத்திருந்தாள். இந்த அம்மாள் வாராவாரம் வந்து சொன்னதைக் கேட்டும் ஏன் ஒருநாளாவது வந்து பார்க்கவில்லை என்று கேட்டாள்.

சீராளன் தலையைக் குனியவில்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. "வந்தாங்க. உக்காரச் சொல்லி டீ குடுத்தேன். சொன்னது எல்லாம் புரிஞ்சுது. ஈரம், கிணறு, விரிசல், எல்லாமே. ஆனா எந்திரிச்சுப் போகணும்னு தோணலை, மேடம்."

பொன்மொழி அவர் முகத்தைப் பார்த்தாள். மண்சரிவைப் பார்த்துவிட்டு நேராக வந்திருக்கும் மனிதரின் முகம். அதில் ஒரு சலனமும் இல்லை. மேற்கொண்டு கேட்கவிருந்த கேள்விகள் எல்லாம் அவளை விட்டுப் போய்விட்டன. மெதுவாகக் கேட்டாள்: "நீங்க எப்போ எடுத்துக்கிட்டீங்க?"

"ஊர்க்காரங்களுக்குக் குடுக்கறதுக்கு முந்தின வாரம்" என்றார் சீராளன். "நான் சாப்பிடாம அவங்களைச் சாப்பிடச் சொல்றது முறையில்லையே."

வெளியே குழந்தைகள் தண்ணீரில் ஓடிப் பிடித்து விளையாடும் சத்தம் கேட்டது. மாற்று மருந்து இருக்கிறதா என்று சீராளன் கேட்டார். அல்போன்ஸும் தானும் தேடப்போகிறோம், கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றாள் பொன்மொழி. வேர்விட்ட கணு மறுபடி பழைய கணு ஆவதை அல்போன்ஸ் இதுவரை பார்த்ததில்லை என்பதை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் அமைதியாகத்தான் கேட்டிருப்பார்.

சீராளன் பையிலிருந்து இரண்டு உத்தரவுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். கசிவை அடைத்து ஏரியை மறுபடி நிரப்ப ஒன்று, அடுத்த மலையில் அடுத்த ஊரை இறக்க இன்னொன்று. இரண்டுக்கும் அவர் கையெழுத்து வேண்டும். இனிக் கசியாது என்று பொறியாளர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"படிச்சுப் பாத்தேன். எல்லாம் சரியாத்தான் தெரியுது" என்றார். "பயம் வரணும்னு தெரியுது. வரமாட்டேங்குது." பிறகு நாற்காலியைத் திருப்பி, வெள்ளத்தாயைப் பார்த்து உட்கார்ந்தார். "நீங்க சொல்லுங்கம்மா. ஏரியை நெறப்பலாமா?"

வெள்ளத்தாய் எழுந்து சன்னலருகே போய், சரிந்து கிடந்த செம்மண்ணையும் அதற்கு மேலே மேகம் மூடிய மலையையும் பார்த்தாள். அவள் விரல்கள் சன்னல் கம்பியை இறுகப் பிடித்திருந்ததைப் பொன்மொழி கவனித்தாள்.

"எனக்குப் பயமா இருக்குங்க, சார்."

சீராளன் ஏன் என்று கேட்கவில்லை. முதல் உத்தரவின் குறுக்கே, நிறுத்திவைக்கவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டாவதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"அந்த ஊருக்கு என்னோட வர்றீங்களா? மருந்து எதுவும் குடுக்கப் போறதில்லை. சும்மா பாத்துட்டு, பயமா இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

வெள்ளத்தாய் சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு ஜீப் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று கேட்டாள்.